ஊர்க் கணக்கில் பெண் பிள்ளை எத்தனை?



ஊர்க் கணக்கு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது எத்தனை தலைக்கட்டு, எத்தனை ஏக்கர் நன்செய் என்பதுதான். 1916ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். அவற்றில் ஒன்று, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு. அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் 1981இல் அதே ஊருக்குப் போய் மறுபடி ஆராய்ந்தார்கள். 2008இலும் அங்கே ஆய்வு நடந்தது.

ஒரே ஊரை ஏன் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும்? ஒரு தடவை எண்ணினால் எத்தனை பேர் என்று தெரியும். பல தடவை எண்ணினால்தான் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

நம் மாநிலத்தையும் அப்படிப் பார்ப்போம். 1971இல் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஏறக்குறைய 4 குழந்தைகள். 2019-21 கணக்கெடுப்பில் இது 2க்கும் கீழே வந்துவிட்டது. உங்களைப் போன்ற தம்பதிகள் யோசித்து முடிவெடுத்ததால் வந்த பலன் இது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு பத்தியும் உண்டு. 6 வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1961இல் 985. 1991இல் 948. 2011இல் 943. சேலம் மாவட்டத்தில் 1991இல் 849 பேர்தான். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு அங்கேதான் தொடங்கியது. 2011இல் அங்கே இது 916 ஆக உயர்ந்தது. மனது வைத்தால் மாறும் என்பதற்கு இதுவே சாட்சி.

“முதலாவது பொண்ணாப் போச்சு, அடுத்ததாவது பையனா இருக்கணும்” என்று வீட்டில் பேசுகிறோம். அந்தப் பேச்சில்தான் வினை ஆரம்பம். சிறு குடும்பம் நல்லதுதான். பெண்ணைத் தள்ளிவிட்டுக் குடும்பத்தைச் சிறிதாக்குவது நல்லதல்ல.

தந்தைமார்களே, ஒன்றை மனதில் வையுங்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. “பொண்ணாப் பெத்துட்டா” என்று மனைவியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. சிசுவின் வளர்ச்சியைப் பார்க்க டாக்டர் சொன்னால் ஸ்கேன் எடுக்கலாம். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

“கடைசி காலத்தில் கஞ்சி ஊத்தப் பையன் வேண்டாமா?” என்பீர்கள். இன்று மகளும் படிக்கிறாள், சம்பாதிக்கிறாள், பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறாள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் செய்த திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு உண்டு.

இரண்டு பெண் குழந்தைகள் போதும் என்று தீர்மானித்துவிட்டீர்களா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமே வாருங்கள். ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை பெண்களுக்கானதைவிட எளிது. அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டுமானால் காப்பர்-டி இருக்கிறது, இலவசம்தான்.

உங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆண் பிள்ளை எத்தனை, பெண் பிள்ளை எத்தனை என்று விசாரியுங்கள். ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும், அது இயற்கை. ஐந்தாறு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தும் பெண் பிள்ளைகள் மிகவும் குறைவாக இருந்தால், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே கேளுங்கள்.