தாய்க்குக் கொடுத்த வாக்கும் இலண்டன் வாடகை அறையும்



பிள்ளை கடல் கடந்து செல்லும் இல்லத்தில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் கல்லூரியைப் பற்றியதாய் இராது. அங்கே என்ன உண்பான் என்பதாகவே இருக்கும். 1888ஆம் ஆண்டு ராஜ்கோட்டில் புத்லிபாய் அம்மையாருக்கும் அக்கவலையே இருந்தது. இங்கிலாந்து சென்ற இளைஞர் புலாலுக்கும் மதுவுக்கும் பழகிவிடுவர் எனப் பிறர் சொல்லக் கேட்டிருந்தார். அக்குடும்பத்தின் ஆலோசகராய் விளங்கிய பேச்சர்ஜி சுவாமி, மோத் வணிகர் குலத்திற் பிறந்து சமணத் துறவு பூண்டவர். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று அம்முனிவர் முன்னிலையில் மகன் விரதம் ஏற்ற பின்னரே தாயார் விடைகொடுத்தார். அம்மகனே பின்னாளில் காந்தியடிகள் எனப் போற்றப்பட்டவர். கப்பலேறியபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை.

இலண்டனில் முதலில் தங்கியது விக்டோரியா ஓட்டலில். ஓர் உணவு பிடிக்காமல் வேறொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டும். பணமும் போயிற்று, பசியும் தீரவில்லை. பின்னர் ரிச்மண்டில் ஒரு நண்பருடன் ஒரு மாத காலம் இருந்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிறைத்தது. மற்ற வேளைகளில் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுகளுக்குமேல் ரொட்டி கேட்க அவருக்குக் கூச்சம். இரவில் வீட்டை நினைத்துக் கண்ணீர் வடித்தார். எழுத்தறியாத தாயின் முன், இந்நாட்டு நிலைமை அறியாமல் செய்த சபதத்திற்கு என்ன மதிப்பு என்று நண்பர் வாதிட்டார். பெந்தாமின் நூலையும் படித்துக் காட்டினார். காந்தி எதிர்வாதம் செய்யவில்லை. அந்நுட்பங்கள் தமக்கு எட்டவில்லை என்றும், விரதத்தை மீற இயலாது என்றும் மட்டும் கூறினார். அந்த வயதில் அவ்வளவு போதும். மறுமொழி ஆயத்தமாக இல்லாத பிள்ளையை உறுதியற்றவன் என்று பெற்றோர் எண்ணிவிட வேண்டியதில்லை.

மேற்குக் கென்சிங்டனில், கணவரை இழந்த ஓர் அம்மையார் வீட்டிற்குக் குடிபெயர்ந்த பின்பும் பசி தொடர்ந்தது. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவகம் தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்று அகப்பட்டது. இங்கிலாந்தில் அவர் வயிறார உண்ட முதல் உணவு அதுவே. அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் புலாலை விலக்கியவர், அதன்பின் தம் கொள்கையாகவே விலக்கினார்.

முட்டை புலால் ஆகாது என்று சிலர் சொல்ல, சில நாள் அதனை உண்டதும் உண்டு. விரதத்தின் பொருளை முடிவு செய்ய வேண்டியவர் விரதம் கொடுத்த தாயே, அவர் கருத்தில் முட்டையும் விலக்கே என்று தெளிந்தவுடன் நிறுத்தினார். முட்டை சேர்ந்த கேக்கும் புட்டிங்கும் அத்துடன் போயின.

பாரிஸ்டர் படிப்போ, வேடிக்கையாக, வகுப்பறையைவிட விருந்துக் கூடத்தையே சார்ந்திருந்தது. இன்னர் டெம்பிளில் பன்னிரண்டு பருவங்கள். பருவந்தோறும் ஆறு விருந்துகளிலேனும் அமர வேண்டும். நால்வருக்கு இரண்டு புட்டி மது. குடிக்காத காந்தியைத் தம் குழுவில் சேர்க்க மற்ற மாணவர் போட்டியிட்டனர்! அவர் உண்டவை ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. மெட்ரிகுலேஷன் தேர்வில் இலத்தீனில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினார்.

செலவைச் சுருக்கக் குடும்பத்தோடு தங்குவதை விட்டு, முதலில் இரண்டு அறைகளும் பின்னர் ஓர் அறையும் எடுத்தார். அடுப்பு ஒன்று வாங்கினார். காலைக் கஞ்சியும் கோகோவும் தாமே சமைத்தார். இரவுக்கு ரொட்டியும் கோகோவும். நாள் உணவுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். படிப்பு ஊன்றியதும் அக்காலத்தில்தான்.

இன்றைய மாணவர் விடுதிகள் பலவற்றில் அடுக்களை பொதுவானது. தனியாக ஒரு வாணலியும் சிறு குக்கரும் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை நீங்கும். பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் உடையோர்க்கு மற்றொன்று: இலண்டனில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைகிறான், ஜூனில் இரவு ஒன்பதுக்குப் பின். வகுப்பு அட்டவணை கைக்கு வந்த அன்றே உணவு வேளையையும் வகுத்துக்கொள்வது நலம்.

1891 ஜூன் 10 அன்று காந்தி பாரிஸ்டர் ஆனார்; 12ஆம் நாள் கப்பலேறினார். தாயைக் காணும் ஆவலோடு பம்பாயில் இறங்கியவரை அழைத்துச் செல்ல அண்ணன் வந்திருந்தார். அயல்நாட்டில் தனித்திருக்கும் தம்பி தாங்கமாட்டான் என்று மறைத்து வைத்திருந்த செய்தியை அப்போதுதான் சொன்னார். மகன் இலண்டனில் இருக்கையிலேயே புத்லிபாய் மறைந்துவிட்டார்.