விருந்துக்கு வந்த வான்கோழி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ அடுப்பங்கரையைச் சேர்ந்தது. இதனைக் கேட்டு எவரும் நகைக்க வேண்டா. விருந்தோம்பலுக்கென்று திருவள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். அடுப்பு மூட்டாமல் விருந்தோம்பியவர் எவரும் இலர்.

நம் காலனியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையேனும் கடல் கடந்து வாழும் காலம் இது. ஆண்டு முடிவில் விடுமுறைக்கு வருகிறார்கள். வந்தவர்கள், தாம் வாழும் நாட்டில் திருநாள் விருந்தாக உண்டு பழகிய வான்கோழி வறுவலை இங்கும் சமைத்துத் தம் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் இட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு வீட்டில் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். பெருநகரத்திலிருந்து உறைபனிப் பறவை ஒன்று வந்தது. ஆறு கிலோ எடை. ஒரு பகல் மட்டும் மேசைமேல் வைத்திருந்து, சிறிய ஓவனில் வளைத்து நெருக்கிப் புகுத்தினார்கள். மேலே கருகிற்று, உள்ளே பனிக்கட்டி. பன்னிரண்டு பேர் தயிர்ச்சோறு உண்டு எழுந்தார்கள். அந்த வீட்டு மருமகள் அன்றிரவு அழுதாள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மாமியார், “மயிலைப் பார்த்து ஆடப்போன கதைதான்” என்று சொல்லிவிட்டாராம். நாம் இன்று இதைப் பேச எழுந்ததற்குக் காரணம் அந்த ஒரு சொல்லே.

மூதுரையைப் படித்து வளர்ந்த நமக்கு வான்கோழி என்றவுடன் மயிலைப் பார்த்து ஆட முயன்ற பேதைப் பறவைதான் நினைவுக்கு வரும். இங்கு ஒரு வழக்குரைக்க விரும்புகிறோம். விருந்தில் வைக்கும் இந்தப் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோ நாட்டுத் தொல்குடியினர் அதனை வீட்டுப் பறவையாகப் பழக்கினர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். கொலம்பஸ் கடல் கடந்த 1492-க்கு முன்னர் நம் நாட்டில் எவரும் இதைக் கண்டிருக்க இயலாது. ஆகவே மூதுரை அதற்கு முற்பட்டதாயின், அதில் வரும் பறவை இது அன்று, வேறொன்று. மேலும் வான்கோழிச் சேவல் தோகை விரித்து நடப்பது மயிலைப் பார்த்தன்று. தன் பேட்டைப் பார்த்து. அந்த உரிமை அதற்கு உண்டு அல்லவா?

இதன் பெயர்க் குழப்பம் தனிச் சுவையுடையது. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் இதனை அழைத்தனர். துருக்கியர் இந்தியாவின் பெயரால் அழைத்தனர். பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே இந்தியாவைச் சுட்டினர். போர்த்துக்கீசியரோ பெரு நாட்டின் பெயரை வைத்தனர். ஒருவரும் சரியான ஊரைச் சொல்லவில்லை! நம் நாட்டில் இதன் வரவுக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1612-ஆம் ஆண்டு கோவாவிலிருந்து முக்கர்ரப் கான் என்னும் அதிகாரி கொண்டு வந்த விந்தை உயிர்களுள் இதுவும் ஒன்று. பேரரசர் ஜஹாங்கீர் இதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைக் கண்டு வியந்து தம் நாட்குறிப்பில் எழுதினார். ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழிப் படம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவற்றை இடும்போது நாம் எவரையும் பார்த்து ஆடுவதாக ஒருவரும் சொல்வதில்லை. சித்தூர்ச் சீமையில் நிலக்கடலை இல்லாத வீடு ஏது?

அடுத்தது, எந்த நாளில் சமைப்பது என்னும் கேள்வி. இதுவே நம் காலனியில் உண்மையான இடர்ப்பாடு. அமெரிக்கரின் நன்றி நவிலும் நாள் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை. ஆபிரகாம் லிங்கன் 1863-இல் அதனை நாடு முழுமைக்கும் உரிய நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன் என்று சட்டம் உறுதி செய்தது 1941-இல். நமக்கோ அது கார்த்திகை மாதம். சோமவார விரதக்காரர் ஒரு புறம், ஐயப்பனுக்கு மாலை அணிந்தோர் மற்றொரு புறம். கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. கிறிஸ்தவ அன்பர்கள் தங்கள் திருநாளைத் தங்கள் வழக்கப்படி கொண்டாடுவார்கள். அதில் நாம் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஏனையோர்க்கு மார்கழி ஒரு தனி மாதம். திருமலையில் அம்மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டு மலைமேல் விடியற்காலையில் தமிழ் ஒலிக்கும் அந்த முப்பது நாளிலும் அடிவாரத்தில் வாழும் நம் வீட்டுப் பாட்டிமார் அடுப்பில் இறைச்சி ஏற்ற மனம் ஒப்பார். அவர்களை வற்புறுத்துவது விருந்தாகாது.

ஆகவே நாம் முன்வைக்கும் நாள் கனுமா. போகி, சங்கராந்தி, கனுமா, முக்கனுமா என்று தெலுங்கு அன்பர்கள் நான்கு நாள் கொண்டாடுகிறார்கள். கனுமாவன்று உளுந்து உண்ண வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. உளுந்து வடையாகிய காரெலுவும் நாட்டுக்கோழிக் குழம்பும் பல வீடுகளில் மணக்கும். சிலர் முக்கனுமாவன்று இறைச்சி சமைப்பர். நமக்கு அவை மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் அந்நாள்களில் கறிச்சோறு உண்டு. இரு மொழியாரும் ஒரே நாளில் ஒரே மனத்துடன் கோழி அடிக்கும் நாள் இதைவிட வேறு கிடைக்குமா? அந்நாள் சனிக்கிழமையாக அமைந்தால் மறுநாளுக்குத் தள்ளுக. ஏழுமலையான் ஊரில் சனிக்கிழமைக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகள் பயணச் சீட்டு எடுக்கும்போதே பொங்கல் வரை இருக்குமாறு சொல்லிவிடுங்கள்; வான்கோழியின் பெயரால் அவர்கள் பத்து நாள் கூடுதலாகத் தங்கினால் அதுவே பேரூதியம்.

இறைச்சி உண்ணாத அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். புலால் மறுத்தலுக்கு அதிகாரம் வகுத்த குறளும் நம்முடையது. கரிகாலன் பொருநர்க்கு இறைச்சி விருந்து இட்டதைப் பாடும் பொருநராற்றுப்படையும் நம்முடையது. ஒருவர் மற்றவரைத் தமிழரல்லர் என்று சொல்ல இடமில்லை. சங்கத்தின் பொது அடுப்பு இதுகாறும் போலச் சைவமாகவே இருக்கட்டும். வீட்டு அடுப்பு அவரவர் உரிமை. பக்கத்து வீட்டில் பூசை முடியும் முன் இறைச்சி வறுபடும் மணம் போகாதபடி நேரம் பார்த்து அடுப்பேற்றுவது நாகரிகம். மாடியிலோ கொல்லையிலோ சமைத்தால் இன்னும் நன்று.

இனிப் பறவையைப் பற்றி. பெரிய பறவை வேண்டா. இதை நாம் சொல்லவில்லை, அமெரிக்கரே சொன்னார்கள். நகரத்துச் சிறு வீடுகளில் சிறு ஓவனுக்கு அடங்கும் பறவை வேண்டுமென்று அந்நாட்டுக் குடும்பத் தலைவியர் விரும்பினமையால், மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் 1930-களில் ‘பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை’ என்னும் இனத்தை உருவாக்கினார்கள். அங்கே அந்த இனம் இப்போது அருகிவிட்டது. ஆனால் சென்னை நந்தனத்துக் கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் நம் கருநிற நாட்டு வான்கோழியுடன் அதனைக் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்னும் இனத்தை நமக்கு அளித்தனர். தமிழ்நாட்டு வெயிலுக்கு ஏற்ற பறவை என்றால், சித்தூர் வெயிலுக்கும் அது அஞ்சாது. நம்மைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில வீட்டார் வான்கோழி வளர்க்கிறார்கள். மூன்று வாரம் முன்னதாகச் சொல்லி வைத்து, நான்கு கிலோ எடையுள்ள இளம்பேடு ஒன்றை வாங்குக. உயிர் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கே கறியாகத் தேறும். அது எட்டுப் பேருக்குப் போதும்.

கடைக்காரரிடம் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். தோலை உரித்துவிடக் கூடாது. கோழி என்றால் உடனே தோலுரிப்பது இன்றைய கடை வழக்கம். நாட்டுக்கோழிக்குச் செய்வது போல் வெந்நீரில் முக்கி இறகு பறித்து, தீயில் வாட்டித் தரச் சொல்லுங்கள். வான்கோழிக் கறியில் கொழுப்புக் குறைவு. தோல் போனால் மார்புக் கறி பஞ்சாகிவிடும். முழுப் பறவையாக வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மார்பு முன்னே வெந்துவிடும், தொடை பின்னே வேகும். ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்றொன்று உலரும். கால் இரண்டு, மார்பு இரண்டு, சிறகு இரண்டு, முதுகு என்று பிரித்து வாங்குவதே அறிவுடைமை.

முதல் நாள் இரவே கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் உப்புத் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறைபனிப் பறவை வாங்குவோர், இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளக விடுக. மேசைமேல் வைப்பது தீங்கு: மேற்புறம் கெடத் தொடங்கும்போதும் உட்புறம் கல்லாகவே இருக்கும். அத்தகைய பறவைகள் சிலவற்றில் உப்புநீர் முன்பே ஏற்றியிருப்பர். உறையைப் படித்துவிட்டு உப்பிடுங்கள்.

மேனாட்டார் இதற்குச் சேஜ், ரோஸ்மேரி, தைம் ஆகிய இலைகளைச் சேர்ப்பர். நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் பயிராகின்றன, கிடைத்தால் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டா. நம் வீட்டு முற்றத்தில் தொட்டியில் நிற்கும் ஓமவல்லி இருக்கிறதே! கற்பூரவல்லி என்பாரும் உண்டு; தெலுங்கில் வாமு ஆகு. குழந்தைக்குச் சளி என்றால் பிழிகிறோம், மழை என்றால் பஜ்ஜி போடுகிறோம். அந்த மூன்று இலைகளும் துளசியும் புதினாவும் ஓமவல்லியும் ஒரே குடும்பம். தைம் இலையின் மணம் ஓமத்தின் மணத்துக்கு நெருங்கிய உறவு. கரீபியத் தீவுகளில் ஓமவல்லியை இறைச்சியில் தடவவும் பறவையுள் அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆக, இது நம் கற்பனை அன்று. துளசியை மட்டும் இதில் சேர்க்க வேண்டா. மாடத்தில் நீர் வார்க்கும் இலையை இறைச்சியில் இட எவருக்கும் கை வாராது.

பத்து ஓமவல்லி இலை போதும். மிகுந்தால் மருந்து நாற்றம் வரும். அதனுடன் ஒரு பிடி கொத்தமல்லி, அரைப்பிடி புதினா, பன்னிரண்டு பல் பூண்டு, இரண்டு கரண்டி மிளகுத்தூள், ஓர் எலுமிச்சையின் மேல்தோல் துருவல் ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்து 150 கிராம் வெண்ணெயில் குழைக்க வேண்டும். தோலுக்கும் கறிக்கும் இடையே விரலை நுழைத்து அந்த வெண்ணெயைப் பரப்புக. மேலே தடவினால் வழிந்து கருகும். உள்ளே தடவினால் கறி தானே குடிக்கும்.

ஓவன் உடையோர் 165 டிகிரி செல்சியசில் வைக்கலாம். கால்களை முன்னே வைத்து, அரைமணி கழித்து மார்பைச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணியில் ஆகும். ஓவன் இல்லாதோர்க்கு நம் சீமையிலேயே வழி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் பிரியாணிக்கு எடுக்கும் தேக்சாவை வாடகைக்கு எடுங்கள். அடியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பரப்பி, அதன்மேல் கறித்துண்டுகளை அடுக்கி, மூடியை மாவால் ஒட்டி, கீழே சிறு தணலும் மூடியின்மேல் தணலும் இட்டால் தீர்ந்தது. இதில் கறி மென்மையாக வேகும், தோல் சிவக்காது. எனவே இறுதியில் தோசைக்கல்லில் நெய்விட்டுத் தோற்புறத்தைச் சிவக்கப் புரட்டி எடுக்கவும். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரின் சமையலிலும், மூடிய பாத்திரத்தில் இறைச்சியை வாட்டும் முறை உண்டு.

வெந்ததா என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டா. ஊசி வெப்பமானி ஒன்று சிறுவிலைக்குக் கிடைக்கிறது. தொடையின் பருத்த இடத்தில் எலும்பைத் தொடாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். சென்ற ஆண்டு அந்த வீட்டில் இவ்வொரு கருவி இருந்திருந்தால் ஒரு கண்ணீர் மிச்சம். இறக்கியபின் அரைமணி நேரம் மூடி வைத்து அறுக்க வேண்டும். உடனே அறுத்தால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

மேனாட்டார் ரொட்டித் துண்டுகளைப் பறவையின் வயிற்றில் அடைப்பர். நமக்குக் கனுமா வடை இருக்கிறது. அடியில் தங்கிய சாற்றைச் சிறிது மாவிட்டுக் கொதிக்கவைத்து வடைமேல் ஊற்றிப் பாருங்கள். ரொட்டியை எவரும் நினையார். அவர்கள் தொட்டுக்கொள்ளும் செம்பழத் தொக்குக்கு ஈடாகச் சித்தூர்ப் பெங்களூரா மாம்பழக்கூழ் ஒரு டப்பாவை, மிளகாய்வற்றலும் சிறிது வெல்லமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சினால் போதும். இறைச்சி உண்ணாதார் வந்திருந்தால், அவர்களுக்குரிய உருளைக்கிழங்கும் வடையும் வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியுடன் முன்னதாகவே ஆகியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அப்பளம் பொரித்துச் சமாளிப்பது விருந்தினரை இழிவு செய்வதாகும்.

எஞ்சிய எலும்பை எறிந்துவிடாதீர்கள். இரவே கறியை வழித்தெடுத்துக் குளிரில் வைத்துவிட்டு, முதுகெலும்பையும் சிறகையும் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் குக்கரில் நாற்பது நிமிடம் வேகவிடுங்கள். மறுநாள் காலை விமானத்துக்குப் புறப்படும் பிள்ளைக்கு அந்தச் சாற்றை ரசமாக்கிச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.