சமூகப் பாதுகாப்பும் வெளிமாநிலத் தொழிலாளரும்

கொச்சிக்கு அருகே பெரியாற்றங்கரையில் அமைந்த ஏலூர் ஒரு தொழில் நகரம். 1947இல் அங்கே 'ஃபாக்ட்' உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. பின்னர் வேறு ஆலைகளும் எழுந்தன. இத்தகைய ஊரில் பிழைக்கும் தமிழர் இருவரை நாம் மனத்தில் கொள்வோம்.

ஒருவர் ஆலைத் தொழிலாளி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தில் அவர் சந்தா செலுத்துகிறார். நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை, கூலியில் 100க்கு 70 பங்கு பெறலாம். நாளை கோவையில் அத்திட்டத்துக்கு உட்பட்ட ஆலைக்கு மாறினாலும் அவருடைய இன்ஷ்யூரன்ஸ் எண் மாறாது. மற்றவரோ இன்று செங்கல் சுமப்பார்; நாளை சுவருக்கு வர்ணம் பூசுவார். சாரத்திலிருந்து அவர் தவறி விழுந்தால் கைகொடுப்பார் யார்?

உலக நாடுகள் நெடுங்காலமாக ஆராயும் கேள்வியும் இதுவே. 1952இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், மருத்துவம், முதுமை, விபத்து, மகப்பேறு உள்ளிட்ட ஒன்பது பாதுகாப்புகளுக்குக் குறைந்தபட்ச அளவை வகுத்தது. அனைவருக்கும் அடிப்படைப் பாதுகாப்பு வேண்டும் என 2012இல் பரிந்துரைத்தது. விளைந்த பயன் என்ன? ஏதேனும் ஒரு பாதுகாப்பையேனும் பெற்றோர் 2015இல் உலக மக்களில் 100க்கு 42.8 பேர், 2023இல் 52.4 பேர். அவ்வாண்டிலும் சுமார் 380 கோடிப் பேர் வெளியே நின்றனர். அந்த ஸ்தாபனத்தின் கணக்கில், 2015இல் 19ஆக இருந்த இந்தியாவின் விகிதம் 2025இல் 64.3ஆக உயர்ந்தது.

இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், 'ஏதேனும் ஒன்று' என்ற சொற்களை நாம் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். விபத்துக் காப்பு மட்டும் உடையவரும், மருத்துவமும் ஓய்வூதியமும் சேர்ந்து உடையவரும் இக்கணக்கில் ஒன்றே. தலைகளை எண்ணுவது ஓர் அளவுகோல். கையில் கிடைப்பது என்ன, அது எல்லை தாண்டியும் உடன்வருமா என்பன அதனினும் நுண்ணிய அளவுகோல்கள்.

கட்டடத் தொழிலாளருக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் நலவாரியம் அமைக்க வழிசெய்தது. ஆனால் ஒரு மாநிலத்துப் பதிவு மறுமாநிலத்தில் எளிதில் பயன்படவில்லை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தொழிலாளி எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அம்மாநில வாரியமே பொறுப்பு என்கிறது; அது 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ரேஷன் அட்டைக்கு இவ்வசதி முன்னரே வந்துவிட்டது: தமிழ்நாட்டு அட்டைக்குரிய மத்திய அரசின் தானியத்தைக் கேரளத்திலும் பெறலாம்.

சமூகப் பாதுகாப்பில் அயல்நாட்டவரையும் தன்னாட்டவரையும் சமமாக நடத்தும் உடன்படிக்கையை இந்தியா 1964இலேயே ஏற்றது. அயலாருக்கு அளித்த வாக்கினும் குறைந்ததையா வாளையாறு கடந்து வரும் நம்மவருக்கு அளிப்பது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே, வேலை செய்யும் ஊரிலேயே நாம் பதிவு செய்துகொள்வோம். மொழி அறியாத தோழருக்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். சாரத்திலிருந்து விழுந்தவர் சொந்த ஊருக்குத் திரும்பாமலே உரிய உதவியைப் பெறும் நாளில்தான் இம்முயற்சிகள் வென்றன எனலாம்.