கச்சானும் குழந்தையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோயில் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் சரை இல்லாமல் வீடு திரும்பியவர் நம்மில் யார்? இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளின் பாடசாலைகள் பல, கச்சானை உள்ளே கொண்டுவர விடுவதில்லை. அப்படி என்னதான் அதில் இருக்கிறது?

முளைக்கப்போகும் நாற்றுக்கென வித்து சேமித்து வைக்கும் புரதங்கள்தான். அவற்றுள் ‘ஏரா எச் 2’ என்பது வறுத்தாலும் இலேசில் அழியாது, இரைப்பையிலும் தாக்குப்பிடிக்கும். சில பிள்ளைகளின் உடல் அதை எதிரியெனக் கொண்டு ‘ஐஜிஈ’ என்ற பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. அது மாஸ்ட் கலங்களில் ஒட்டிக் காத்திருக்கும். மறுமுறை கச்சான் உள்ளே போனதும் அக்கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தோல் தடிக்கும், உதடு வீங்கும். கடுமையானால் மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் விழும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு 3 வயதுவரை கச்சான் வேண்டாமென்றது. 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் இலண்டனில் நடத்திய ஆய்வு வெளியானது. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் தோற்பரிசோதனையில் எதுவும் காட்டாதவர்களுள், கச்சானைத் தவிர்த்தவர்களில் 13.7 வீதத்தினருக்கு 5 வயதில் ஒவ்வாமை இருந்தது. உண்டு வந்தவர்களில் 1.9 வீதத்தினருக்கே. கரப்பனால் வெடித்த தோல் வழியாகப் புரதம் முதலில் நுழைந்தால் உடல் எதிர்க்கப் பழகுகிறது, வாய்வழியாக வந்தால் ஏற்கப் பழகுகிறது என்பதே லாக் தரும் விளக்கம்.

ஆகவே 6 மாதமளவில், மற்றைய உணவுகள் பழகியபின், மாவாய் அரைத்த கச்சானைக் கஞ்சியில் குழைத்துக் கொடுக்கலாம். முழுக் கச்சான் வேண்டாம். 5 வயதுவரை அது தொண்டையில் சிக்கும். கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஒவ்வாமை ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு இது பொருந்தவே பொருந்தாது. அப்பிள்ளைக்கு மூச்சு முட்டினால் பிரிற்றன் குளிசை போதாது. தொடைத் தசையில் அதிரினலின் ஊசி, தாமதமின்றி. பிறகு ஆஸ்பத்திரி.

அம்மம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். எள்ளிலும் இதேபோன்ற சேமிப்புப் புரதங்கள் உண்டு. வெளிநாட்டுக்கு நீங்கள் அனுப்பும் சத்துமா, எள்ளுருண்டைப் பொதிகளில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.