போர்க்கப்பலும் தபால் முத்திரையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கரமனை ஆற்றங்கரையில் வாழும் நமக்குப் போர்க்கப்பலோடு என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. திருவனந்தபுரத்தில் 1891-இல் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த செண்பகராமன் பிள்ளை, ஜெர்மனியிலிருந்து ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் பாடுபட்டு, 1934-இல் பெர்லினில் மறைந்தார். தம் அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவவேண்டும் என்பது அவர் விருப்பம். துணைவியார் லட்சுமிபாய் அதனை முப்பதாண்டுகளுக்கு மேல் காத்துவந்தார். 1966-இல் அதனைப் பம்பாயிலிருந்து கொச்சிக்கு ஏந்தி வந்தது 'ஐ.என்.எஸ். டெல்லி' என்னும் போர்க்கப்பல்.

அக்கப்பலின் முதற்பெயர் 'அக்கிலிஸ்'. இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் கட்டப்பெற்று, 1932-இல் நீரில் இறங்கியது. 1939 டிசம்பர் 13-ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்றுமுகத்திற்கு அப்பால், 'எக்ஸெட்டர்', 'அஜாக்ஸ்' என்னும் கப்பல்களோடு கூடி, ஜெர்மனியின் 'கிராப் ஸ்பீ' கப்பலை எதிர்த்தது. நான்காம் நாள் ஜெர்மானியரே தம் கப்பலைத் தகர்த்து மூழ்கடித்தனர். 1948 ஜூலை 5-இல் அக்கிலிஸ் இந்தியக் கடற்படையிற் சேர்ந்து 'டெல்லி' ஆயிற்று. பிளேட் ஆற்றுப் போரில் அதனை நடத்திய பாரி என்பவரே 1948 முதல் 1951 வரை நம் கடற்படைத் தலைவராக விளங்கினார். 1950-இல் நேரு அதிற் பயணித்து இந்தோனேசியா சென்றார். 1961-இல் டையூ விடுதலையிலும் அது பங்கு கொண்டது. 1978-இல் பணி ஓய்ந்தது. ஜெர்மனியோடு பொருத கப்பலே ஜெர்மனியின் நண்பரது அஸ்தியைச் சுமந்தது விதியின் விந்தையன்றோ!

இத்தகைய கப்பல்களின் வரலாற்றைத் தபால் முத்திரை கொண்டு அறிவோர் பலர். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 1908 முதல் தமக்கென அஞ்சல் நிலையம் பெற்றன. கப்பலின் பெயரும் நாளும் முத்திரையிற் பதியும். போர்க்காலத்தில் பெயர் மறைக்கப்படும். பிரிட்டிஷ் கப்பல்களின் தபால் பொதுவான கடல் அஞ்சல் முத்திரையோடும் தணிக்கைக் குறியோடும் வந்து சேரும். அந்த மௌனமும் ஒரு சான்றே.

இச்சான்றின் அருமையை ஓர் உதாரணத்தாற் கூறுவோம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் 'எம்டன்' கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. அதில் செண்பகராமனும் இருந்தார் என்று நம்மவர் பெருமையோடு கூறுவர். ஆனால் அவ்வாண்டில் அவர் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரிற் பணியாற்றிப் பின் பெர்லின் சென்றவர். அந்த நாளின் முத்திரை பதிந்த கடிதம் ஒன்று அவர் கையெழுத்தோடு கிடைக்குமாயின், வாதம் அன்றே ஓயும். கப்பலேறாததால் அவர் பெருமை குறையாது. மெய்யான பெருமைக்குக் கதையின் துணை வேண்டுவதில்லை.

நம் இல்லங்களிலும் இத்தகைய சான்றுகள் உள. ஊரை விட்டு வந்த நம் முன்னோர்க்கு வந்த கடிதங்கள் பெட்டிகளிற் கிடக்கின்றன. பிள்ளைகள் தபால்தலைக்காக உறையைக் கத்தரிக்கின்றனர். முத்திரை பாதியாய் அறுபடுகிறது. எங்கிருந்து, எந்நாளில் வந்தது என்பதும் அதனோடு போகிறது. ஆதலின் தாய்மார்களே, உறையை முழுதாகக் காத்திடுங்கள்; உள்ளிருக்கும் கடிதத்தைப் பிரிக்காதீர்கள்; ஈரமும் செல்லும் அணுகாமல் வையுங்கள். முப்பதாண்டு ஒரு பெண்மணி ஒரு பிடிச் சாம்பலைக் காத்தார். நாம் ஒரு காகித உறையைக் காத்தல் அரிதன்று.