சயாமுக்குப் போனவரும் செக்ரோல் புத்தகமும்

 

ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களையும் போர்க்கைதிகளையும் கொண்டு போடப்பட்ட சயாம் மரண ரயிலை நீங்கள் அறிவீர்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. "தோட்டத்து ஆட்களுக்குப் பட்டியலே இல்லை, பிரிந்த குடும்பங்களை எந்த அரசாங்கமும் சேர்த்துவைத்திருக்க முடியாது" என்று நண்பர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. பட்டியல் இருந்தது, சிதறிக் கிடந்தது.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி பால் மரம் வெட்டினார். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் தாத்தாவை லாரியில் ஏற்றினார்கள். அதுவரை விடிகாலைப் பெரட்டில் கிராணி, ஆட்களின் வருகைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிடுவார். பிறகு அந்தப் பெயரைத் தாண்டிப் படித்தார். புத்தகம் கிராணியிடம். லாரியில் யார் யார் ஏறினார்கள் என்பது கங்காணிக்குத் தெரியும். போர் முடிந்து திரும்பிய பக்கத்து லயத்துக்காரருக்கு, தாத்தாவைக் கடைசியாகப் பார்த்த முகாம் தெரியும். மூவரும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். தொழிலாளர் இலாகா அதிகாரி வந்தார், கூலியையும் லயத்தையும் பார்த்தார், போனார். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க ஆளில்லை.

ஏழாண்டு தகவலில்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தாலியைக் கழற்றவும் இல்லை, கல்யாண வீட்டில் முன்னால் நிற்கவும் இல்லை. ஆரத்தி எடுக்க யாராவது கூப்பிடுவார்களோ என்று வாசற்படி ஓரமாகவே நிற்பார். அவர் இறந்த அன்று, தாலியோடு அனுப்புவதா வேண்டாமா என்று என் அப்பாவும் சித்தப்பாவும் பிணத்தருகே வாதாடினார்கள். ஓர் அரசு அலுவலகம் 1946இல் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரிக்காக நடந்த வாதம் அது.

முடியாத காரியமா? போர்க்கைதிகளுக்கு முடிந்ததே! இராணுவம் ஆட்களைக் கொடுத்தது, கைதிகள் ஒளித்துவைத்த புதைகுழிக் குறிப்புகள் வந்தன, 1945இலேயே தேடும் குழு பாதை நெடுகப் போனது. பின்னர் போர்க் கல்லறை ஆணையம் பொறுப்பேற்றது. காஞ்சனபுரிக் கல்லறையில் இன்று ஏறத்தாழ 7,000 பேருக்கு இடம் உண்டு. அங்கும் குறிப்புகள் சிதறித்தான் கிடந்தன. சேர்க்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் இருந்தது.

 

செய்யவேண்டியவற்றை வேகமாகச் சொல்கிறேன். தேசிய ஆவணக் காப்பகம் தோட்டப் பதிவேடுகளைக் கேட்டு வாங்க வேண்டும். பிரிந்த குடும்பங்களைத் தேடுவது செம்பிறைச் சங்கத்தின் பணிகளில் ஒன்று. தோட்டத் தொழிலாளர் சங்கமும் பதிவுத் துறையும் அதனோடு ஒரே மேசைக்கு வரட்டும். ஆலயத் திருவிழா வரி நோட்டுகளிலும் குடும்பத் தலைவர் பெயர் இருக்கிறது. அவற்றைப் படியெடுக்க மாணவர்கள் வரும்போது, ஆலயச் செயலாளர்கள் தயவுசெய்து அலமாரியைத் திறந்துவிடுங்கள்.