செப்பும் வினாவும் சாலையோரமும்



பொறியியல் பொருளொன்றைப் பற்றிப் பேச மொழியியலார் வந்து நிற்பது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். ஊர்திகளும் சாலையோரக் கருவிகளும் கம்பியில்லா அலைகளால் செய்தி அனுப்பும் தொழில்நுட்பத்தைத் தமிழில் எடுத்துரைக்கையில் எந்த வினைச்சொல்லை ஆள்வது என்னும் ஒரு சிக்கலை முன்வைக்கவே வந்துள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். பயிற்சியாளர் ஒருவர், "கார் சாலையுடன் உரையாடுகிறது" என்று எழுதியிருந்தார். நல்ல தொடர் என்று நாமும் பாராட்டினோம். பின்வரிசையிலிருந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் கையுயர்த்தி, "ஐயா, என் வண்டி சொன்னது சாலைக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று வினவினார். அன்று எம்மிடம் விடை இல்லை. நேரமாகிவிட்டது என்று கூறி அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிட்டோம். அவ்வினா இன்றுவரை எம்மை விடவில்லை.

சிங்கப்பூரர்க்கு இத்தொழில்நுட்பம் புதிதன்று. 1975ஆம் ஆண்டு நகர மையத்துள் நுழையக் காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினோம். காவலர்கள் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தனர். 1998இல் மின்னியல் சாலைக் கட்டண முறை வந்தது. வாயிலில் பொருத்திய அலைவாங்கி வினவும்; ஊர்தியிலுள்ள கருவி விடையளிக்கும்; கேஷ்கார்டிலிருந்து கட்டணம் கழியும்; 'பீப்' என்றோர் ஒலி எழும். விடை வராவிடில் நிழற்படக் கருவி வண்டியின் பதிவெண்ணைப் பிடித்துக்கொள்ளும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பையும் வினாவையும் இணைத்துப் பேசுகிறார் அல்லவா? வினாவுக்கு ஏற்ற விடை செப்பு. கட்டண வாயிலில் நிகழ்வது அத்தகைய இணையே. இங்கே 'உரையாடல்' என்று எழுதினாலும் பெரும்பிழை இல்லை. மௌனத்துக்கும் இங்கே ஒரே பொருள்தான்: ஏதோ தவறு நேர்ந்துள்ளது.

இப்போது உலகின் பல நாடுகளில் ஆய்ந்து வரும் பாதுகாப்புச் செய்திகளின் இயல்பு முற்றிலும் வேறு. ஊர்தி தன் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, தடைக்கருவியின் நிலை ஆகியவற்றை ஒரு நொடிக்குப் பத்துமுறை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஆகவே ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே அது இரண்டரை மீட்டர் நகர்ந்துவிடும். சந்தியில் நிற்கும் சாலையோரக் கருவி, பச்சை விளக்கு எப்போது மாறும், எத்தடம் எங்குச் செல்லும் என்பவற்றை அறிவித்தவண்ணம் இருக்கும். இவற்றை யாரும் கேட்கவில்லை. குறிப்பிட்ட எவரையும் நோக்கிக் கூறவுமில்லை. செவியுள்ளவர் கேட்கலாம்; கேட்டேன் என்று எவரும் மறுமொழி தருவதில்லை. வினாவும் இல்லை, வினாவுக்கு விடையும் இல்லை. நம் முன்னோர் வழக்கில் இதற்கு நெருங்கியது முரசறைதல்.

இதில் மொழியியலாரை மயக்கும் நுட்பங்கள் பல உண்டு. செய்திகளின் அமைப்பை வரையறுக்கும் அமெரிக்கத் தரநூலுக்கு 'அகராதி' என்றே பெயரிட்டுள்ளனர். ஊர்திகள் பின்தொடரப்படாமலிருக்க அடிக்கடி மாறும் புனைபெயர்களில் கையொப்பமிடுகின்றன (நம் எழுத்தாளர்களை மிஞ்சிவிட்டன!). இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. வைஃபை மரபில் பிறந்த முறையும் கைத்தொலைபேசி மரபில் பிறந்த முறையும் ஒரே அகராதியை ஆளலாம்; ஆயினும் ஒன்றன் அலையை மற்றது புரிந்துகொள்ளாது. சொற்கள் ஒன்று, ஒலியமைப்பு வேறு. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு இதற்கென ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2020இல் எடுத்த முடிவால் 30 ஆகக் குறைக்கப்பட்டு, இரண்டாம் முறைக்கே உரியதாக்கப்பட்டது. பேச்சுவழக்கு ஒன்று அரசாணையால் அருகிப்போனதை மொழி வரலாற்றில் கண்டிருக்கிறோம். அலை வரலாற்றிலும் அதுவே நிகழ்ந்திருக்கிறது.

மீண்டும் ஓட்டுநரின் வினாவுக்கு வருவோம். சந்தியை நெருங்குகையில் கருவி எச்சரிக்கை எதுவும் தரவில்லை எனக் கொள்வோம். அதன் பொருள் என்ன? குறுக்கே வண்டி இல்லை என்பதா? வண்டி உண்டு, ஆனால் அதில் கருவி இல்லை என்பதா? கருவி உண்டு, உயர்ந்த கட்டடமோ பேருந்தோ அலையை மறைத்துவிட்டது என்பதா? மிதிவண்டியில் வரும் முதியவர் எந்த அலையையும் எழுப்புவதில்லை. 'உரையாடல்' என்னும் சொல்லுக்குப் பழகிய மனம், எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இடர் என்றால் சொல்லியிருப்பார் என்று நம்பும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் நம் வழக்கம் திருமணப் பேச்சுக்குப் பொருந்தலாம். சாலைச் சந்திக்குப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டு நவம்பர் முதல் நம் வண்டிகளில் புதிய கருவிகளைப் பொருத்தி வருகின்றனர். அவை பள்ளி வட்டாரம் போன்றவற்றையும் ஓட்டுநர்க்கு நினைவூட்டுகின்றன. சொல்லும் கருவியோடு பழகுகிறோம். அது சொல்லாமல் விட்டதை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பதைக் கையேடு எழுதுவோர் தெளிவாகத் தமிழில் எழுதவேண்டும்.

ஆதலின் எம் பரிந்துரை இது. கட்டண வாயிலின் செயலுக்கு 'வினவல்', 'விடையளித்தல்' என எழுதுவோம். பாதுகாப்புச் செய்திகளுக்கு 'அறிவித்தல்' என எழுதுவோம். 'அறைதல்' என்னும் பழஞ்சொல்லின்மீது எமக்குக் காதல் உண்டு. ஆனால் கன்னத்தில் அறைவது நினைவுக்கு வந்து மாணவர் நகைப்பர் என்பதால் கைவிட்டோம். 'உரையாடல்', 'பேசிக்கொள்ளுதல்' ஆகியவற்றைச் செய்தித்தலைப்புக்கு விட்டுவிடலாம். கையேட்டிலும் ஓட்டுநர் பயிற்சிப் பாடத்திலும் அவை வேண்டா.

அந்த ஓட்டுநரைப் பின்னர் நாம் சந்திக்கவில்லை. சந்தித்தால் இவ்வாறு கூறுவோம்: "கட்டண வாயிலுக்குக் கேட்டது, ஐயா, 'பீப்' ஒலியே சான்று. சந்தியில் கேட்டதா என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். இருபுறமும் பார்த்தே செல்லுங்கள்."

இச்சொற்களில் எவை வகுப்பறையில் நிற்கும், எவை நில்லா என்பதை ஆசிரியர்கள் கலந்துரையாடலில் கூறினால் மகிழ்வோம்.